மாத்தளைக் கிழக்கு மலைகளும் பிலிப்ஸின் விலங்கியற் பணியும்

1932 ஆம் ஆண்டு, கொழும்பு நூதனசாலையின் ஆய்வேடாகிய ‘ஸ்பொலியா ஸெய்லானிக்கா’வின் 17 ஆம் தொகுதியில், மலைநாட்டுத் தேவாங்கு ஒன்றினைப் புதிய துணையினமாக அறிமுகஞ்செய்யும் கட்டுரையொன்று வெளிவந்தது. எழுதியோர் இருவர். ஒருவர் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியற் பேராசிரியராகவிருந்த டபிள்யூ. சி. ஒஸ்மன் ஹில். மற்றவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்னும் தோட்டத்துரை. பருத்த உடலுடையது என்னும் பொருள்பட அதற்குக் ‘கிராண்டிஸ்’ எனப் பெயரிட்டனர். அப்பெயருக்கு ஆதாரமான மாதிரி கிடைத்த இடம், மாத்தளைக் கிழக்கு மலைகளிற் கம்மடுவையைச் சேர்ந்த மவுசாகந்தைத் தோட்டமாகும்.

விலங்கியலில் ஓர் இனத்திற்கு இடப்படும் பெயர், ஒரு குறிப்பிட்ட உடலுடனும் அது பெறப்பட்ட ஒரு குறிப்பிட்ட இடத்துடனும் என்றென்றைக்கும் பிணைக்கப்படுவது. பிற்கால ஆய்வாளர் இத்தேவாங்கினை எவ்வினத்தின் கீழ் வைப்பது என்று கருத்து மாறுபட்டபோதிலும், அதன் மூல இடமாக மவுசாகந்தையே அறிவியல் ஏடுகளிற் குறிக்கப்பட்டு வருகிறது. இலண்டனிலோ நியூயோர்க்கிலோ ஒரு தேவாங்கினை ஆராய்பவர் மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் பெயரை எழுதியே ஆகவேண்டும். அத்தோட்டத்தில் வாழ்ந்த மனிதரைப் பற்றி அவர் ஏதும் அறிந்திருக்க வேண்டியதில்லை. இந்த முரண்பாடே எம்மை இவ்வாய்வுக்குத் தூண்டியது.

இலக்கிய மாணவரான நாம் விலங்கியலிற் கைவைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நூதனசாலை மாதிரியின் காலிற் கட்டப்படும் பெயர்ச்சீட்டும் ஒரு பனுவலே என்பது எமது துணிபு. பால், இடம், உயரம், திகதி, சேகரித்தவர் பெயர் என்பன அதிலுள. எப்பனுவலையும் போலவே அதுவும் சிலவற்றைச் சொல்வதனாலும் சிலவற்றைச் சொல்லாமையாலும் பொருள் பெறுகிறது. 1931 இல் இலண்டனில் நடைபெற்ற அறிவியல் வரலாற்று மாநாட்டில், நியூற்றனின் இயந்திரவியலுக்கும் அவர் காலத்துக் கப்பற்றொழில், சுரங்கத்தொழில், போர்த்தொழில் ஆகியவற்றுக்குமுள்ள உறவினைச் சோவியத் அறிஞர் போரிஸ் ஹெசன் எடுத்துக்காட்டினார். பேர்னால் அவ்வழியினை மேலும் விரித்தார். நியூற்றனுக்குப் பொருந்தியது ஒரு தோட்டத்துரையின் மூஞ்சூற்று ஆய்வுக்குப் பொருந்தாதிருக்க நியாயமில்லை.

முதலில் மனிதரைப் பார்ப்போம். பிலிப்ஸ் 1892 முதல் 1981 வரை வாழ்ந்தவர். பெருந்தோட்டத் தொழிலையே பிழைப்பாகக் கொண்டவர். நூதனசாலையிற் சம்பளம் பெற்ற விலங்கியலாளர் அல்லர். ஆயினும் நூதனசாலை விலங்கியலுக்குரிய பணி யாதோ அதனை இலங்கையின் முலையூட்டிகளைப் பொறுத்தவரை முழுமையாகச் செய்தவர் அவரே. 1920 களில் இலங்கை முலையூட்டிகளுக்கான வழிகாட்டிக் கட்டுரைகளைப் பகுதி பகுதியாக ‘ஸ்பொலியா ஸெய்லானிக்கா’வில் எழுதினார். அவற்றின் முதிர்ந்த வடிவமே 1935 இல் வெளியான ‘இலங்கை முலையூட்டிகள் கைந்நூல்’. பறவைகளைப் பொறுத்தவரை 1953 இல் அவர் தொகுத்த குறிப்புரையுடனான பட்டியல் பின்னர் திருத்தப்பெற்று 1970 களிலும் வெளிவந்தது. 1950 களின் பிற்பகுதியில் மாலைதீவுகளுக்குச் சென்று அங்குள்ள பறவைகளையும் ஆராய்ந்தார்.

கைந்நூல் அதன் துறையில் ஒரு சாதனை என்பதைத் தயக்கமின்றிக் கூறலாம். உடலளவும் மண்டையோட்டு விவரமும் தருவதோடு, விலங்கின் பழக்கவழக்கம், உணவு, வாழிடம் என்பவற்றைக் களத்தில் நின்று கண்டவரின் நிதானத்துடன் அது எழுதுகிறது. ஐரோப்பிய நூதனசாலைகளில் இருந்துகொண்டு தோலையும் எலும்பையும் மட்டுமே கண்டு பெயரிட்டவர்களின் எழுத்துக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. பிரித்தானிய நூதனசாலையின் ஓல்ட்பீல்ட் தோமஸ் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2,000 முலையூட்டி வடிவங்களுக்குப் பெயரிட்டவர். மனைவிவழி வந்த செல்வத்தைக்கொண்டு உலகெங்கும் சேகரிப்பாளரை அமர்த்தியவர். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1911 இல் தொடங்கிய முலையூட்டிக் கணக்கெடுப்பில் இலங்கையிற் சேகரித்தவர் மேஜர் மேயர். அவர் பெயரால் ஓர் இலங்கைச் சுண்டெலிக்கு 1915 இற் பெயரிட்டவரும் தோமஸே. 1924 இற் கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளர் ஜோசப் பியர்சனின் பெயரால் இலங்கைக்கேயுரிய மூஞ்சூறு ஒன்றினை அவர் தனிப்பேரினமாக நிறுவினார். ஹக்கலைக் காட்டில் மண்ணைக் கிளறி வாழும் சிற்றுயிர் ஒன்றின் பெயர் இவ்வாறு இலண்டனில் முடிவாகி, கொழும்பின் அதிகாரி ஒருவரின் பெயரைத் தாங்கிற்று. தோமஸைப் போலன்றிப் பிலிப்ஸ் மலையிலேயே வாழ்ந்தவர். அதுவே அவர் நூலின் பலம். அவர் அங்கு வாழ்ந்தது எவ்வகையில் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

மாத்தளை மலைகள் தோட்டங்களான வரலாற்றினை இங்கு முழுமையாகக் கூற வேண்டியதில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டையும் தரிசையும் சேனையையும் முடிக்குரியவை எனக் கொண்டது. தொடக்கத்தில் ஏக்கர் 5 சிலிங்குக்குக் காணிகள் விற்கப்பட்டன. வாங்கியோருட் குடியேற்ற அரசின் அதிகாரிகளே பலர். கிராமத்தவர் காட்டை இழந்தனர், வரிகளும் பெருகின. 1848 ஜூலையில் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியும், ஓகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டமையும் அவ்வழியே நிகழ்ந்தன. மறுபுறத்தில், தமிழகத்தின் பஞ்சம் மிக்க கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக வந்தோர் மலைநாட்டினுட் புகுந்த வாயில் மாத்தளையே. வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் மிகப் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 இல். அதற்குள் கோப்பியே அழியத் தொடங்கிவிட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை வீழ்த்த, தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் ஏலமும் மாத்தளையில் அவ்விடத்தைப் பிடித்தன.

இவ்வரலாற்றுக்குள் விலங்கியல் எவ்வாறு நுழைகிறது? கோப்பி எலி வழியாக நுழைகிறது என்றால் அது வேடிக்கையன்று.

இலங்கையின் முலையூட்டிகளை முதன்முதல் ஒழுங்குபட ஆராய்ந்தவர் எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட் என்னும் பறங்கியர் மரபினரான இராணுவ மருத்துவர். அவரது ‘இலங்கை விலங்கின முன்னுரை’ 1852 இல் வெளிவந்தது. நுவரெலியாவிலிருந்து அவர் விவரித்த உயிர்களுள் ஒன்று கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் கடித்தழிக்கும் எலி. அது இடம்பெறும் பேரினத்தின் பெயர் ‘கொலுண்டா’. கிரேக்கமோ இலத்தீனோ எனத் தோன்றும் இச்சொல் ‘குலண்டி’ என்னும் கன்னட வழக்கிலிருந்து வந்தது. தார்வார்ப் பகுதியில் எலிகளை ஆராய்ந்த வால்டர் எலியட், மண்வெட்டும் ஒட்டர்களிடமிருந்தும் பிற உழைக்கும் மக்களிடமிருந்தும் கேட்டுத் தெரிந்தவை பல. மக்கள் வாய்ச்சொல் அறிவியற் பெயராயிற்று. சொல்லைத் தந்தவர் மறைந்துபோயினர்.

இதே எலியைப் பற்றி, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராகவிருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருப்பது இன்னும் சிந்திக்கத்தக்கது. மலைக்காட்டில் நெலுச்செடி பூத்துக் காய்த்து மடியும் காலத்தில், உணவிழந்த எலிகள் கோப்பித் தோட்டங்களின்மேற் படையெடுக்கும் என்றும், ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் எலிகள்வரை கொல்லப்பட்டதுண்டு என்றும் அவர் கூறுகிறார். அடுத்து, தமிழ்க் கூலிகள் இவ்வெலியிறைச்சியில் மிகுந்த விருப்புடையவர். தேங்காய் எண்ணெயிற் பொரித்தோ கறியாக்கியோ உண்பர். எலி மிகுந்த தோட்டங்களையே நாடிச் செல்வர் என்கிறார். இங்கு பசி ‘விருப்பு’ ஆகிவிடுகிறது. அரிசிக் கொத்தும் கங்காணியின் கடன்கணக்கும் மட்டுமே வாழ்வாக இருந்தவனுக்கு இறைச்சி என்பது எது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. எலியின் உணவுப்பழக்கத்தை விளக்க நெலுவின் பருவத்தைக் காரணங்காட்டியவர், மனிதனின் உணவுப்பழக்கத்துக்குச் சுவையைக் காரணங்காட்டி அமைந்துவிட்டார். எலிக்குக் கிடைத்த பொருளியல் விளக்கம் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

இடையே ஒன்று: டெனன்ட் கூறும் நெலுவும் எமது குறிஞ்சியும் ஒரே பேரினத்துச் செடிகள். குறிஞ்சி என்றதும் களவொழுக்கத்தை எண்ணிப் பழகிய எமக்கு, அது காய்த்து மடிந்தபின் எலி இறங்கும், எலி இறங்கினால் துரை பதறுவார், தொழிலாளிக்குக் கறி கிடைக்கும் என்னும் மற்றொரு தொடர்ச்சி புதிதாகத் தோன்றலாம். தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கையில் விலங்கையும் புள்ளையும் தனியே நிறுத்தவில்லை. உணவோடும் மரத்தோடும் பறையோடும் அந்நிலத்து மாந்தரின் தொழிலோடும் ஒரே நிரலில் வைக்கிறது. பழந்தமிழரிடம் சூழலியல் இருந்தது எனப் பெருமை பேசுவது எம் நோக்கமன்று. அப்பெருமைப் பேச்சு ஆய்வுக்கு ஊறு விளைவித்தே வந்துள்ளது. இனக்குழு வாழ்வின் எச்சங்கள் நிலவிய சமுதாயத்தில் உழைப்பும் இயற்கையும் பிரிக்கப்படாத ஒரு வகைப்பாடு தோன்றக்கூடியதாயிருந்தது. உழைப்பாளி நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட தோட்டப் பொருளாதாரத்தில், விலங்கும் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. இவ்வளவே நாம் கூறுவது.

மாதிரி எவ்வாறு உருவாகிறது என்பதை இனி நோக்குவோம். சிறு முலையூட்டி ஒன்று கிடைத்ததும் தலையும் உடலும், வால், பின்பாதம், காது ஆகியன அளக்கப்படும். வயிற்றிற் கீறித் தோல் உரிக்கப்படும். உட்புறத்திற் பாசாணச் சவர்க்காரம் பூசப்படும். பஞ்சு திணித்து, வாலுக்குக் கம்பி கொடுத்து, தைத்து, பலகையில் ஊசிகுத்திக் காயவிடுவர். மண்டையோடு தனியே துப்புரவாக்கப்பட்டு, தோலுக்குரிய எண்ணையே பெறும். மலைநாட்டு ஈரத்தில் சில மணிநேரம் தாமதித்தாலும் மயிர் உதிர்ந்துவிடும். மூஞ்சூறு போன்ற விரலளவு உயிரின் தோலைக் கிழியாமல் உரிப்பதற்குப் பொற்கொல்லனின் கைப்பக்குவம் வேண்டும். இத்திறனை நூதனசாலைகளில் வளர்த்தோர் பெரும்பாலும் தாழ்ந்த சம்பளத்தில் வேலைபார்த்த உள்நாட்டு ஊழியர்.

அதற்கு முன்னதாக உயிர் கிடைத்தாக வேண்டும். மூஞ்சூறு சருகின் அடியிலும் வேரின் இடுக்கிலும் வாழ்வது. தேவாங்கு இரவில் நடமாடுவது, பகலிற் கொடிச்செறிவில் உருண்டு கிடப்பது. தோட்டத்தில் சருகையும் வேரையும் கொடியையும் நாள்தோறும் தொடுபவர் யார்? புல் வெட்டுவோர், கான் வெட்டுவோர், கவ்வாத்துச் செய்வோர், விறகுக்குக் காடேறுவோர். துரையின் மேசைக்கு வந்த பல உடல்கள் முதலில் அவர்களின் கண்ணிற் பட்டவை எனக் கொள்வது மிகையன்று. பெயர்ச்சீட்டில் ‘சேகரித்தவர்’ என்னும் இடத்தில் துரையின் பெயர் நிற்பது, தேயிலைப் பெட்டியிற் கம்பனியின் பெயர் நிற்பதைப் போன்றதே. இதனைப் பிலிப்ஸ் என்னும் தனிமனிதரின் நேர்மைக்குறைவாக நாம் காணவில்லை. அவர் காலத்து அறிவியலின் வழமை அது. அவ்வழமை உற்பத்தி உறவுகளின் வழமை.

அவர் புதிதாக இட்ட பெயர்களை ஒருங்கே நோக்கின் இது மேலும் தெளிவாகும். 1928 இல் அவர் விவரித்த மூஞ்சூறு ‘ஸெய்லானிக்கஸ்’ எனத் தீவின் பெயரைப் பெற்றது. 1929 இல் நிலம்பைப் பகுதியிலிருந்து விவரித்த மற்றொன்றுக்கு, எலியைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகிய ‘மீயா’வையே பெயராக்கினார். அதே ஆண்டில் ஒஹியாவின் மேற்கு அப்புத்தளைத் தோட்டத்திலிருந்து விவரித்த எலி ‘ஒஹியென்சிஸ்’ ஆயிற்று. 1981 இல் மசர் அதனை இலங்கைக்கேயுரிய தனிப் பேரினமாக உயர்த்தினார். பிலிப்ஸின் கூர்மைக்கு அதுவே சான்று. 1932 இன் மூஞ்சூறு ஒன்று ‘பெலோஸ்-கோர்டன்’ என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயரையும், அதே ஆண்டின் சுண்டெலி ஒன்று ‘பெர்னாண்டோ’ என்னும் உள்நாட்டுப் பெயரையும் ஏற்றன. தீவு, சிங்களச் சொல், தோட்டத்து ஊர், வெள்ளையர் குடும்பம், உள்நாட்டவர் ஒருவர்: இவ்வளவும் இடம்பெற்ற நிரலில் தமிழ்ச் சொல் ஒன்றுமில்லை. ஆனால் கைந்நூலில் விலங்குகளின் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பிலிப்ஸ் தந்துள்ளார் என்பதை மறைத்தல் தகாது. தோட்டத்தில் இருந்து தமிழைக் கேட்டறிந்தவர் அவர். பறவையியலில் ஜி. எம். ஹென்றியும் 1955 ஆம் ஆண்டின் ‘இலங்கைப் பறவைகள் வழிகாட்டி’யில் அவ்வாறே செய்தார். தேயிலைத் தோட்ட அதிகாரியின் மகனாகப் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் உதவியாளராக நீண்டகாலம் பணிபுரிந்தவர் ஹென்றி. அவர் தீட்டிய பறவை ஓவியங்கள் கலையாகவும் நிற்பவை, அவை தனியாய்வுக்குரியன.

இந்நூற் பெயர்களுக்கும் தோட்டப்புற இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பு எமது துறைக்கு நேரடியாகப் பயன்படுவது. 1869 இல் வெளியான ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ தோட்டத்தை மேலிருந்து கண்ட நூல். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்கள் கீழிருந்து எழுந்தவை. மாத்தளை மண் தந்த மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோரின் சிறுகதைகள் அப்பாடல்களின் வாரிசுகள். இவ்வெழுத்துகளிற் காடும் உயிர்களும் எவ்வாறு வருகின்றன என்பது கைந்நூலினை அருகில் வைத்துப் படிக்கும்போதே முழுமையாகப் புலப்படும். இலக்கிய ஆய்வாளர் விலங்கியல் நூலைத் தொடுவதில்லை. விலங்கியலாளர் நாட்டார் பாடலைத் தொடுவதில்லை. இப்பிரிவினை பல்கலைக்கழகத் துறைகளின் வசதிக்காக ஏற்பட்டது. பொருளின் இயல்பினால் ஏற்பட்டதன்று.

இனி, இவ்வரலாற்றில் எம்மை மிகவும் உறுத்தும் இடத்துக்கு வருகிறோம். விலங்கியல் ஓர் உயிரை ஒரு நிலத்துக்குரியது எனத் தீர்மானிக்க, அது அங்கு பிறந்து வாழ்கிறது என்பதே போதும். மவுசாகந்தைத் தேவாங்கு இலங்கையினது என்பதற்கு அதன் பாட்டனின் பிறப்புச் சான்றினை எவரும் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதே தோட்டங்களிற் பிறந்த தொழிலாளியிடம் தந்தையின் பிறப்பையோ, பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களில் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. 1964 இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974 வரை காத்திருந்தது. மனிதரை எண்ணிக்கையாகப் பிரித்த அந்த மேசையில், அவர்கள் எந்த மலையில், எந்த மரங்களுக்கும் உயிர்களுக்கும் இடையில் வாழ்ந்தவர் என்னும் ‘இடக்குறிப்பு’க்கூட இருக்கவில்லை. நாடற்ற நிலை சட்டப்படி நீங்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது.

உயிரியல் வகைப்பாடு மக்களின் உரிமையை மறுத்தது என நாம் கூறவரவில்லை, அது பொய்யாகும். ஆயினும் ஒரே காலத்தில், ஒரே மலையில், ஓர் உயிரின் பிறப்பிடம் மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டது. மற்றோர் உயிரின் பிறப்பிடம் எழுதப்படாமலே விடப்பட்டது. எழுதும் ஆற்றலும் கருவியும் யார் கையில் இருந்தன என்பதே இங்குள்ள வேறுபாடு. எழுத்துக்கும் மாத்தளைக்குமான உறவு பழையது. வாய்மொழியாக வழங்கிய பாளி மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளையை அடுத்த அளுவிகாரையில் என்பது பௌத்த மரபு. பஞ்சத்திலும் போரிலும் ஓதுவோர் அழிந்தால் மறையும் அழியும் என்ற அச்சமே அன்று எழுதத் தூண்டியதாகக் கூறுவர்.

கம்மடுவைக்கு மேலே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000 ஆம் ஆண்டு பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. காட்டின் கீழ்வளரியை வெட்டி ஏலம் பயிரிட்ட முறை அங்கு உயிர்ச்சூழலைக் கெடுத்தது உண்மை; அதனைத் தடுத்ததும் தேவையே. ஆனால் பாதுகாப்பு என்னும் சொல்லும் 1840 இன் ‘தரிசு’ என்னும் சொல்லைப் போல, அக்காட்டை அண்டிப் பிழைத்தவரை விலக்கிவைக்கும் சொல்லாகிவிடக்கூடாது என்று நாம் கருதுகிறோம்.

கைந்நூலின் திருத்திய பதிப்பு, ‘சிறீலங்காவின் முலையூட்டிகள்’ எனப் பெயர் மாறி, 1980 முதல் 1984 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. இறுதிப் பகுதி அச்சேறியபோது பிலிப்ஸ் உயிருடன் இல்லை. அந்நூலிலுள்ள தமிழ்ப் பெயர்களை எடுத்துக்கொண்டு, மாத்தளை, இறத்தோட்டை, கம்மடுவைப் பகுதிகளின் லயங்களுக்குச் சென்று, முதியோரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை எம் மாணவர் செய்யக்கூடியதாகும். அழுங்கு, மரை, மந்தி, சருகுமான், மரநாய், தேவாங்கு ஆகியவற்றுக்கு அங்கு வேறு சொற்கள் வழங்கக்கூடும். பாட்டும் விடுகதையும் அவற்றோடு வரக்கூடும். சொல்பவரின் பெயர், வயது, தோட்டம், டிவிஷன், திகதி ஆகியவற்றைச் சீட்டிற் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அம்முறையைப் பிலிப்ஸிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம்.